மூடப்போகிற ஆபீஸின் சாஃப்ட்வேர் லைசென்ஸை வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். திருச்சியில் வீட்டு பிளான், ஸ்ட்ரக்சுரல் டிராயிங் போட்டுக் கொடுக்கும் சின்ன ஆபீஸ் வைத்திருக்கிறேன். என்னோடு சேர்த்து ஐந்து பேர். இங்கே பெரிய கன்சல்டன்சி ஒன்றை மூடுகிறார்கள். அவர்களிடம் இருக்கும், டிராயிங் போடும் சாஃப்ட்வேரான ஆட்டோகேட் 2015 இன் நிரந்தர லைசென்ஸ் நான்கை, ஒன்று 30,000 ரூபாய் என்று ஒரு டீலர் மூலமாக விற்கிறார்கள். கூடவே விண்டோஸும் ஆபீஸும் போட்ட ஆறு பழைய கம்ப்யூட்டர்கள். "ஐரோப்பாவில் பழைய சாஃப்ட்வேரை விற்கலாம் என்று கோர்ட்டே சொல்லிவிட்டது, ஜி.எஸ்.டி. பில்லும் தருகிறேன், என்ன பயம்?" என்கிறார் டீலர். அவர்களுடைய புது ஆட்டோகேட் சப்ஸ்கிரிப்ஷனில் இன்னும் ஏழு மாதம் பாக்கி இருக்கிறதாம், அந்த லாகினைச் சும்மாவே தருகிறார்களாம். இன்னொன்று, போன வருஷம் ஆன்லைனில் 700 ரூபாய் வீதம் மூன்று ஆபீஸ் கீ வாங்கினேன், அதில் ஒன்று இப்போது வேலை செய்யவில்லை. என்ன செய்யலாம்?

பதில்:

வணக்கம். பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்க்கலாம். கம்ப்யூட்டர்களை வாங்கலாம், கொஞ்சம் சோதித்துப் பார்த்துவிட்டு. ஆட்டோகேட் லைசென்ஸுக்கு இப்போதைக்கு ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். லாகின் வேண்டவே வேண்டாம். 700 ரூபாய் கீ மூன்றையும் தூக்கிவிடுங்கள், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சாஃப்ட்வேர் லைசென்ஸ் என்று நீங்கள் காசு கொடுத்து வாங்குவது டிவிடியோ, ஸ்டிக்கரோ, 25 எழுத்துக் கீயோ இல்லை. இன்ன கம்பெனி, இத்தனை சிஸ்டத்தில், இந்தப் புரோகிராமைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று தயாரித்தவர் கொடுக்கிற அனுமதி அது. பழைய பைக் வாங்கும்போது சாவி கைக்கு வந்துவிட்டது, வண்டியும் ஓடுகிறது என்பதற்காக ஆர்.சி. புத்தகத்தில் பேர் மாற்றாமல் நாம் விட்டுவிடுவதில்லை. சாஃ‌ப்ட்வேரில் மட்டும் ஆக்டிவேட் ஆகிவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த நிமிஷம் சர்வர் மறுக்கவில்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். நாளைக்கு மறுக்கலாம், அப்போது உங்கள் கையில் பேப்பர் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

டீலர் சொன்ன ஐரோப்பியத் தீர்ப்பு நிஜம்தான். புரளி இல்லை. யூஸ்ட்சாஃப்ட் என்ற ஜெர்மன் நிறுவனம், ஆரக்கிள் என்ற பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியின் பழைய லைசென்ஸ்களை வாங்கி விற்றுக்கொண்டிருந்தது, ஆரக்கிள் கோர்ட்டுக்குப் போனது, கடைசியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2012 ஜூலை 3 அன்று தீர்ப்புச் சொன்னது. மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு, காலவரம்பு இல்லாமல் பயன்படுத்தும் உரிமையைக் கொடுத்துவிட்டால், டவுன்லோடு செய்து வாங்கியதாகவே இருந்தாலும், அந்தப் பிரதியை அவர் இன்னொருவருக்கு விற்பதைத் தயாரிப்பாளர் தடுக்க முடியாது. ஒப்பந்தத்தில் "வேறு யாருக்கும் மாற்றித் தரக் கூடாது" என்று எழுதியிருந்தாலும் முடியாது. பெரிய தீர்ப்புதான். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு பல ஊர்களில் வியாபாரம் நடக்கிறது.

ஆனால் அதே தீர்ப்பின் மற்ற பக்கங்களை எந்த டீலரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை. விற்கிறவர் விற்கும் நேரத்தில் தன்னிடமுள்ள காப்பியைப் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட வேண்டும். மொத்தமாக வாங்கியதைப் பிரித்து விற்கக் கூடாது. ஆரக்கிள் அப்போது 25 பேருக்கு ஒரு கட்டு என்று விற்றுக்கொண்டிருந்தது, 27 பேர் இருந்தால் இரண்டு கட்டு வாங்கியாக வேண்டும். மீதி 23 இடம் சும்மாதானே கிடக்கிறது, அதை விற்றுவிடலாமே என்றால், முடியாது என்று அதே தீர்ப்பு சொல்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, அந்த உரிமை ஐரோப்பாவுக்குள் தயாரிப்பாளர் சம்மதத்தோடு முதலில் விற்கப்பட்ட பிரதிக்குத்தான். திருச்சியில் வாங்கிய ஆட்டோகேடுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

அங்கேயே கூட பேப்பர் இல்லாதவர்களுக்கு அந்தத் தீர்ப்பு உதவவில்லை. யூஸ்ட்சாஃப்ட் தன் வாடிக்கையாளர்களுக்கு நோட்டரி சான்றிதழ் கொடுத்துவந்தது. முதலில் வாங்கியவர் முழுப் பணமும் கட்டிவிட்டார், இப்போது பயன்படுத்தவில்லை என்று அவரே சொன்னதை நோட்டரி உறுதிசெய்த தாள். வழக்கு ஜெர்மனிக்குத் திரும்பியபோது, அங்குள்ள உச்ச நீதிமன்றம் 2013 இல் அந்தத் தாள் போதாது என்றது. நிபந்தனைகள் நிறைவேறின என்று நிரூபிக்கும் பொறுப்பு, 'எனக்கு உரிமை இருக்கிறது' என்கிறவர் தலையில்தான். 2016 இல் லாட்வியாவிலிருந்து போன ஒரு வழக்கில், ஒரிஜினல் டிஸ்க் கெட்டுப்போனாலும் தொலைந்துபோனாலும் சரி, பேக்கப் காப்பியை விற்கக் கூடாது என்று அதே ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. நோட்டரி தாளே அங்கே செல்லாதபோது இங்கே டீலரின் லெட்டர்ஹெட் எங்கே போய் நிற்கும்?

உங்கள் விஷயத்துக்குப் பொருந்துகிற வழக்கு அமெரிக்காவில் நடந்தது, அதுவும் ஆட்டோகேடைப் பற்றியே. சியாட்டிலில் ஒரு கட்டிடக் கலை நிறுவனம் ஆட்டோகேட் ரிலீஸ் 14 இன் பத்து லைசென்ஸ் வைத்திருந்தது. பிறகு ஆட்டோகேட் 2000 வந்ததும் அப்கிரேட் விலையில் மாறிக்கொண்டது. புதிதாக வாங்கினால் 3,750 டாலர், அப்கிரேட் என்றால் 495 டாலர். அவ்வளவு மலிவாகக் கொடுத்ததற்கு நிபந்தனை, பழையதை அழித்துவிட வேண்டும் என்பது. அவர்கள் அழிக்கவில்லை. 2007 இல் ஆபீஸ் சாமான்களை விற்றபோது அதில் நான்கு காப்பியை, டப்பாவில் கையால் எழுதிய ஆக்டிவேஷன் கோடோடு, டிமோதி வெர்னர் என்பவர் வாங்கினார், வாங்கியதை ஈபேயில் போட்டார். ஆட்டோகேடைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் கம்பெனி புகார் கொடுக்க, ஈபே அவர் கணக்கை முடக்கியது. வெர்னர் விடவில்லை, வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றத்தில் அவருக்கு வெற்றி. 2010 செப்டம்பரில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது. அந்தக் கட்டிடக் கலை நிறுவனம் சாஃப்ட்வேருக்குச் சொந்தக்காரரே இல்லை, வெறும் லைசென்ஸ்தாரர், அதனால் அவர்கள் விற்றதும் செல்லாது, வெர்னர் விற்றதும் செல்லாது. மறு ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ளவே மறுத்துவிட்டது.

கவனியுங்கள், வெர்னர் யாரையும் ஏமாற்றவில்லை. ஒரிஜினல் டப்பா, ஒரிஜினல் டிஸ்க், காசு கொடுத்து வாங்கினார். அவருக்கு விற்றவர்கள் முன்பு எப்போதோ செய்துகொண்ட ஒரு அப்கிரேட்தான் எல்லாவற்றையும் குப்பையாக்கிவிட்டது. அது அந்த டப்பாவின் எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்காது.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் இடித்தது. அந்த கன்சல்டன்சியிடம் புது சப்ஸ்கிரிப்ஷன் இருக்கிறது, ஏழு மாதம் பாக்கி. அப்படியானால் அவர்கள் எப்போதோ நிரந்தர லைசென்ஸிலிருந்து சப்ஸ்கிரிப்ஷனுக்கு மாறியிருக்கிறார்கள். எப்படி மாறினார்கள்? ஆட்டோடெஸ்க் 2016 பிப்ரவரியிலிருந்து தன் பெரும்பாலான டெஸ்க்டாப் புரோகிராம்களுக்குப் புது நிரந்தர லைசென்ஸ் விற்பதை நிறுத்திவிட்டது. பழைய ஆட்களைச் சப்ஸ்கிரிப்ஷன் பக்கம் இழுக்கச் சலுகை விலை கொடுத்தது. அந்தச் சலுகையில் மாறுகிறவர்கள் நிரந்தர லைசென்ஸை விட்டுக்கொடுக்க வேண்டும். இவர்கள் அப்படி மாறியிருந்தால் டீலர் கையிலிருக்கும் நான்கு சீரியல் நம்பரும் வெறும் எண்கள்தான், வெர்னர் கதையேதான். மாறாமல் தனியாக சப்ஸ்கிரிப்ஷன் வாங்கியிருந்தால் நிலைமை வேறு. இதை டீலரிடம் கேட்டுப் பயனில்லை, அவருக்குத் தெரியாமலே இருக்கலாம். அந்த ஆபீஸில் லைசென்ஸ் விஷயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் யாரோ, அவரிடம் நேராகக் கேளுங்கள்.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. பெரிய ஆபீஸ் என்கிறீர்கள். பெரிய ஆபீஸ்களில் நெட்வொர்க் லைசென்ஸ்தான் அதிகம் இருக்கும், ஒரே சீரியல் நம்பரில் பத்து இருபது இடம், அதை ஒரு சர்வர் பங்கிட்டுக் கொடுக்கும், அந்த லைசென்ஸ் ஃபைல் சர்வரின் நெட்வொர்க் கார்டு எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். நான்கு லைசென்ஸுக்கும் தனித்தனி சீரியல் நம்பர் இருக்கிறதா, ஒரே நம்பரா என்று பாருங்கள். ஒரே நம்பர் என்றால் பெரிய கட்டிலிருந்து நான்கைப் பிரித்து உங்களுக்குத் தருகிறார்கள், மீதி வேறு யாருக்கோ போகிறது. உங்கள் டீலர் கொண்டாடும் ஐரோப்பியத் தீர்ப்பே இதை ஏற்காது.

எல்லாம் சுத்தமாக இருந்தாலும்கூட ஆட்டோடெஸ்க்கின் ஒப்பந்தப்படி, அவர்களுடைய எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் லைசென்ஸ் கை மாறாது. அந்தச் சம்மதக் கடிதம் வந்தால் வாங்குங்கள். "போன்ல பேசிட்டேன், ஓகேன்னுட்டாங்க" என்பதெல்லாம் கணக்கில் வராது.

சரி, சம்மதமே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், 1,20,000 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது? 2014 இல் வெளிவந்த புரோகிராம், அப்போது விண்டோஸ் 10 கூட வந்திருக்கவில்லை. அதைவிட நடைமுறையில் கழுத்தை அறுக்கிற விஷயம் ஃபைல்தான். ஆட்டோகேட் 2018 இல், டிராயிங்கைச் சேமிக்கிற டி.டபிள்யூ.ஜி. ஃபைலின் வடிவம் மாறியது. அதற்குப் பிறகான பதிப்புகளில் சாதாரணமாகச் சேமித்த ஃபைலை 2015 திறக்காது. ஆர்க்கிடெக்ட் அனுப்புகிற ஒவ்வொரு டிராயிங்கையும் "பழைய வெர்ஷன்ல சேவ் பண்ணி அனுப்புங்க சார்" என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டோடெஸ்க் இலவசமாகக் கொடுக்கும் ட்ரூவியூ என்ற புரோகிராமில் போட்டு ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். தினம் பத்து ஃபைல் வருகிற ஆபீஸில் ஒரு வாரம் இதைச் செய்து பார்த்தால் தெரியும்.

லாகின் விஷயம் சுருக்கமாக. சப்ஸ்கிரிப்ஷன் என்பது குறிப்பிட்ட நபரின் பேரில், அவருடைய ஈமெயிலில் இருப்பது, கடன் கொடுக்க முடியாது. கம்பெனி மூடிய பிறகு அந்த ஈமெயிலே எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? உறுதிப்படுத்தும் கோடு அந்த ஈமெயிலுக்குத்தான் போகும். அந்தக் கணக்கின் கிளவுடில் நீங்கள் சேமித்த உங்கள் கிளையண்ட் டிராயிங்குகள் என்ன ஆகும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று அடுத்த கேள்வி வரும். காப்புரிமை (காப்பிரைட்) சட்டம் 1957 இல் கம்ப்யூட்டர் புரோகிராமை விற்கும் உரிமையைப் பற்றிச் சொல்கிற பிரிவில், 'முன்பே விற்கப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும்' என்ற பொருளில் ஒரு சொற்றொடர் இருந்தது. 1999 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். ஒருமுறை விற்ற பிரதியின் மேல் தயாரிப்பாளருக்கு அப்புறம் பிடி இல்லை என்று வாதாட இது இடம் கொடுக்கிறது, உச்ச நீதிமன்றமே 2021 மார்ச்சில் எஞ்சினியரிங் அனாலிசிஸ் வழக்கில் இந்தத் திருத்தத்தைப் பேசியிருக்கிறது. சில டீலர்கள் இப்போது அதையும் மேற்கோள் காட்டத் தொடங்கியிருக்கிறார்கள். ஆனால் அது வெளிநாட்டு சாஃப்ட்வேருக்குக் கட்டும் பணம் ராயல்டியா இல்லையா என்ற வருமான வரி வழக்கு. பழைய கீ வாங்கியவரைக் காப்பாற்றுவதற்காக எழுதிய தீர்ப்பு இல்லை அது. வாதாடலாம் என்பதும் ஜெயிக்கலாம் என்பதும் வேறு வேறு. ஐந்து பேர் ஆபீஸ் வைத்திருக்கிறவர் ஒரு பன்னாட்டுக் கம்பெனியோடு சட்ட நுணுக்கம் வாதாடி முன்னுதாரணம் உண்டாக்கக் கிளம்ப வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

அதே சட்டத்தின் 63பி பிரிவு நேரடியானது. காப்புரிமையை மீறிய பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால், குறைந்தது ஏழு நாள், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார நோக்கமே இல்லாமல் பயன்படுத்தியவருக்கு சிறை இல்லாமல் அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு இடமுண்டு, ஆனால் உங்களுடையது ஆபீஸ். 'தெரிந்தே' என்ற சொல்தான் இதில் முக்கியம். அதனால்தான் பேப்பர் பேப்பர் என்று அடித்துக்கொள்கிறேன். தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்டு, பதிலை வைத்திருக்கிறவர் நிலைமை வேறு. "சந்தேகமாகத்தான் இருந்தது, விலை குறைவாக இருந்ததால் வாங்கிவிட்டேன்" என்கிறவர் நிலைமை வேறு.

நிஜத்தில் ஜெயில் வரைக்கும் போகிறவர்கள் குறைவு. வழக்கமாக நடப்பது இதுதான்: முதலில் ஒரு மெயில் வரும், உங்கள் நிறுவனத்தில் என்னென்ன பதிப்பு எத்தனை சிஸ்டத்தில் ஓடுகிறது என்று அட்டவணையை நிரப்பச் சொல்லி. புரோகிராமே தன் தயாரிப்பாளருக்குத் தகவல் அனுப்பும் காலம் இது, நீங்கள் என்ன நிரப்புவீர்கள் என்பது அவர்களுக்கு ஓரளவு முன்பே தெரிந்திருக்கும். கண்டுகொள்ளாமல் விட்டால் வக்கீல் நோட்டீஸ். சில கம்பெனிகள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புக்குச் சொல்லாமலே உத்தரவு வாங்கி, நீதிமன்றம் நியமிக்கும் லோக்கல் கமிஷனரோடு நேராக ஆபீஸுக்கு வந்து சிஸ்டங்களைச் சோதிப்பதும் உண்டு. இதற்குத் தகவல் கொடுப்பவர் பல நேரம் சம்பளப் பாக்கியில் கோபித்துக்கொண்டு போன பழைய ஊழியர்தான். சாஃப்ட்வேர் நிறுவனங்களின் கூட்டமைப்பான பி.எஸ்.ஏ. அதற்கென்றே ஆன்லைன் படிவம் வைத்திருக்கிறது.

அந்த நேரத்தில் டீலரின் ஜி.எஸ்.டி. பில் எடுபடுமா? நான் லைசென்ஸ் விஷயம் பார்த்துக்கொடுத்த ஒரு பட்டறையில், உதிரிபாகம் செய்கிற சின்ன யூனிட், அப்படி ஒரு பில்லைக் கண்ணாடி போட்டு மாட்டாத குறையாகப் பத்திரமாக வைத்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தால் "சாஃப்ட்வேர் - 4 எண்ணம்" என்று ஒரே வரி. எந்த புரோகிராம், எந்தப் பதிப்பு, என்ன சீரியல், யாரிடமிருந்து வந்தது, எதுவும் இல்லை. அந்த பில் காட்டுவது ஒன்றே ஒன்றுதான், நீங்கள் காசு கொடுத்தீர்கள், அவர் வரி கட்டினார். விற்க அவருக்கு உரிமை இருந்ததா என்பதற்கு அதில் பதில் கிடையாது. 'கம்ப்யூட்டர் ஸ்பேர்ஸ்' என்று பில் போடுகிறவரிடம் பேச்சையே முடித்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர்களுக்கு வருவோம். இதில்தான் உங்களுக்கு நியாயமான லாபம் இருக்கிறது. கம்பெனிக் கம்ப்யூட்டரோடு வருகிற விண்டோஸ் ஓ.இ.எம். லைசென்ஸ், அந்த மெஷினோடு பிறந்தது, மெஷின் கை மாறினால் அதுவும் கூடவே கை மாறும், மைக்ரோசாஃப்ட்டே இதை அனுமதிக்கிறது. தனியாகக் கழற்றி வேறு மெஷினில் போடத்தான் கூடாது. ஸ்டிக்கரை மட்டும் உரித்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள், அதை வாங்காதீர்கள். விண்டோஸ் 8 காலத்திலிருந்து பெரிய பிராண்டு மெஷின்களில் கீ மதர்போர்டில் உள்ள பயாஸ் சிப்பிலேயே இருக்கும்.

மெஷினை ஆன் செய்து, ஸ்டார்ட் பட்டனை அழுத்தி கமாண்ட் பிராம்ப்ட் என்று தேடித் திறந்து, எஸ்.எல்.எம்.ஜி.ஆர். என்று ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, டி.எல்.ஐ. என்று (slmgr /dli) தட்டினால் சின்னப் பெட்டி ஒன்று வரும். அதில் டிஸ்கிரிப்ஷன் (விவரம்) என்ற வரியின் கடைசியில் ஓ.இ.எம். சேனல் என்று இருந்தால் நல்லது. ரீடெய்ல் என்றால் முதலில் வாங்கிய பில்லைக் கேளுங்கள். வால்யூம் என்று தொடங்கினால் அது அந்த கன்சல்டன்சியின் மொத்த ஒப்பந்தத்தில் ஓடுகிறது, உங்களோடு வராது. பெரிய கம்பெனிகளுக்கான எண்டர்பிரைஸ் பதிப்பு என்று காட்டினாலும் இதே கதைதான். ஆனால் பதற வேண்டாம். பெரிய கம்பெனிகள் எண்டர்பிரைஸைப் போடுவதே அடியில் இருக்கிற ஓ.இ.எம். விண்டோஸ் ப்ரோவின் மேல்தான். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே எடுத்த ப்ரோவைப் புதிதாகப் போட்டால், பயாஸில் கீ இருக்கும் பட்சத்தில் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். டீலர் கொடுக்கும் பென் டிரைவிலிருந்து மட்டும் போடாதீர்கள்.

அப்படிப் புதிதாகப் போடுவதைப் பணம் கொடுக்கும் முன்பே ஒரு மெஷினிலாவது செய்து பாருங்கள், இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சில கம்பெனிகள் தங்கள் மெஷின்களை ஆட்டோபைலட் என்ற ஏற்பாட்டில் பதிந்து வைத்திருப்பார்கள். எல்லாம் அழித்து இன்டர்நெட்டில் இணைத்ததும் பழைய கம்பெனியின் பேரோடு லாகின் கேட்டு நின்றுவிடும். அவர்களுடைய ஐ.டி. ஆள் தன் பக்கத்திலிருந்து நீக்கினால்தான் நகரும். ஆபீஸ் மூடி அந்த ஆள் வேறு வேலைக்குப் போன பிறகு யாரைப் பிடிப்பீர்கள்? அவர்கள் இருக்கும்போதே பயாஸ் பாஸ்வேர்டையும் எடுக்கச் சொல்லிவிடுங்கள். பிராசஸர் இன்டெல் என்றால் எட்டாவது தலைமுறைக்குக் குறையாமல் பாருங்கள், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இருக்க வேண்டும். விண்டோஸ் 10 இன் ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 அதற்குக் கீழே உள்ளதை ஏற்பதில்லை. ஆறாம் தலைமுறை மெஷின் என்றால் வெறும் இரும்பு விலைக்குப் பேசுங்கள்.

அந்த மெஷின்களில் இருக்கும் ஆபீஸுக்கு விலையே போடாதீர்கள். பெரும்பாலும் வால்யூம் ஒப்பந்தமாகத்தான் இருக்கும். அந்த வகை நிரந்தர லைசென்ஸ்களை மாற்ற மைக்ரோசாஃப்ட்டிடம் ஒரு படிவம் இருக்கிறது, ஆனால் அது குழும நிறுவனங்களுக்கு, இல்லை கம்பெனியையே இன்னொரு கம்பெனி வாங்கும்போது. கம்ப்யூட்டர் மட்டும் வாங்குகிறவருக்கு இல்லை.

உங்கள் 700 ரூபாய் கீகள். ஆபீஸ் ஓடுகிற ஒரு சிஸ்டத்தில் வேர்டைத் திறந்து, ஃபைல், அக்கவுண்ட் என்று போய்ப் பாருங்கள். புரொஃபஷனல் பிளஸ் என்று பேர் போட்டிருக்கிறதா? இருக்கும் என்றே நினைக்கிறேன். அந்தப் பதிப்பு கடையில் தனியாக விற்கிற சரக்கே இல்லை, கம்பெனிகளுக்கும் கல்லூரிகளுக்கும் மொத்த ஒப்பந்தத்தில் போவது. அந்த மாதிரி ஒப்பந்தத்துக்குக் கொடுக்கிற கீ ஒன்று குறிப்பிட்ட எண்ணிக்கை வரை பல மெஷின்களில் ஆக்டிவேட் ஆகும். அது வெளியே கசிந்து, ஒரே கீயை நூறு பேருக்கு விற்கிறார்கள். எண்ணிக்கை தீர்ந்தால் நிற்கும், மைக்ரோசாஃப்ட் கண்டுபிடித்து முடக்கினாலும் நிற்கும். உங்களுக்கு ஒன்று நின்றுவிட்டது, மற்ற இரண்டுக்கும் முறை வரும். விற்றவர் தூரத்திலிருந்தே உங்கள் சிஸ்டத்தை இயக்கும் எனிடெஸ்க்கில் உள்ளே வந்து, ஆன்டிவைரஸை அணைத்து, கறுப்பு ஜன்னலில் எதையோ ஓடவிட்டு ஆக்டிவேட் செய்துகொடுத்தாரா? அப்படியென்றால் அது கீயே இல்லை, கிராக். பொய் சர்வரைக் காட்டி 180 நாள் அனுமதி வாங்குவது அது, பிறகு தானே புதுப்பித்துக்கொள்ளும்படி ஒரு வேலையை உள்ளே வைத்துவிட்டுப் போவார்கள். அந்த சிஸ்டத்தில்தான் நீங்கள் நெட் பேங்கிங் செய்கிறீர்கள் என்றால் இன்றைக்கே ஃபைல்களை மட்டும் எடுத்துக்கொண்டு முழுதாக அழித்துப் போடுங்கள், பாஸ்வேர்டுகளை வேறு சிஸ்டத்திலிருந்து மாற்றுங்கள்.

பதிலாக "லைஃப்டைம் 365 அக்கவுண்ட் தருகிறேன்" என்று யாராவது வருவார்கள். மைக்ரோசாஃப்ட் 365 என்பதே ஆபீஸுக்கு மாதமோ வருஷமோ கட்டுகிற சந்தா, அதில் ஏது ஆயுட்காலம்? அது யாரோ ஒரு கல்லூரியின் கணக்குக்குள் உங்களுக்கு ஒரு பேர் உண்டாக்கிக் கொடுப்பது. அதன் அட்மின் நினைத்தால் உங்கள் பாஸ்வேர்டை மாற்றலாம், ஒன்டிரைவில் இருக்கும் உங்கள் கிளையண்டின் பத்திர நகல்களைத் திறந்து பார்க்கலாம்.

1,20,000 ரூபாயை வேறு எப்படிச் செலவழிக்கலாம் என்று பார்ப்போம். ஐந்து பேருக்கும் முழு ஆட்டோகேட் வேண்டுமா என்று முதலில் எண்ணிப் பாருங்கள். டிராயிங் போடுகிறவர் இரண்டு மூன்று பேர்தான் இருப்பீர்கள், பார்ப்பதற்கும் பிரிண்ட் எடுப்பதற்கும் ட்ரூவியூ போதும். வீட்டு பிளானுக்கு 2டி போதும் என்றால் ஆட்டோகேட் எல்.டி. சந்தா முழு ஆட்டோகேடைவிட நன்றாகவே மலிவு. முன்பு அதில் லிஸ்ப் (டிராயிங் வேலைகளைத் தானாகச் செய்ய எழுதும் குட்டி புரோகிராம்) ஓடாது என்று நம் டிராஃப்ட்ஸ்மேன்கள் ஒதுக்கிவந்தார்கள், 2024 பதிப்பிலிருந்து ஓடுகிறது. சந்தாவே பிடிக்கவில்லை, ஒருமுறை கட்டி முடித்துவிட வேண்டும் என்றால் பிரிக்ஸ்கேட், இசட்.டபிள்யூ.கேட் இரண்டும் இன்னும் நிரந்தர லைசென்ஸ் விற்கிறார்கள், டி.டபிள்யூ.ஜி. ஃபைலிலேயே வேலை செய்கின்றன, கட்டளைகளும் ஏறக்குறைய அதேதான். சோதனைப் பதிப்பைப் போட்டு உங்கள் பழைய டிராயிங் நான்கைத் திறந்து, ஹேட்ச், ஃபாண்ட், லேயர் எல்லாம் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தமிழ் ஃபாண்ட் போட்ட டிராயிங்கைக் கட்டாயம் திறந்து பாருங்கள், தகராறு அங்கேதான் வரும். கடிதம், எஸ்டிமேட் எழுத இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேஆபீஸ் போதும். எக்செலில் மேக்ரோ வைத்து எஸ்டிமேட் போடுகிறவருக்கு மட்டும் ஒரு ஆபீஸ் லைசென்ஸை நேராக வாங்கிக் கொடுங்கள்.

இன்னும் அந்த நான்கு லைசென்ஸ் மேல் ஆசை இருந்தால், டீலருக்கு இப்படி ஒரு மெயில் போடுங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம்: "கன்சல்டன்சியின் பேரில் உள்ள முதல் கொள்முதல் பில், ஒவ்வொரு லைசென்ஸின் சீரியல் நம்பர், இவை சப்ஸ்கிரிப்ஷனுக்கு மாற்றப்படவில்லை என்று கன்சல்டன்சியின் கையெழுத்திட்ட கடிதம், எங்கள் பேருக்கு மாற்றுவதற்கு ஆட்டோடெஸ்க்கின் எழுத்துமூலச் சம்மதம், இந்த நான்கும் கிடைத்ததும் முழுப் பணமும் ஒரே தவணையில் தருகிறேன்." சம்மதக் கடிதம் வந்தால் அதிலுள்ள நம்பரைக் கூப்பிடாமல், ஆட்டோடெஸ்க் தளத்தில் இருக்கும் தொடர்பு வழியாக நீங்களே சரிபாருங்கள். கம்ப்யூட்டர் பேச்சை இதோடு கலக்காமல் தனியாக நடத்துங்கள், எல்லாம் சேர்த்து ஒரே விலை என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். "நாளைக்கே வேற பார்ட்டி எடுத்துக்குவாங்க சார்" என்பார். எடுத்துக்கொள்ளட்டும்.